லைன் வீட்டு ஓட்டும் ஆய்வு முறையும்: ஒரு மாணவிக்குப் பதில்

கேள்வி: மேடம், நான் பந்தலூர் பக்கம் ஒரு டேன்டீ (அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் வளர்ந்தவள். தாத்தாவும் பாட்டியும் 1970களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். இப்போது கோவையில் எம்.ஏ. அரசியல் அறிவியல் முதலாண்டு படிக்கிறேன். அரசியல் பிடித்துத்தான் சேர்ந்தேன். ஆனால் ஆய்வு முறைகள் என்று ஒரு தாள் இருக்கிறது. கருதுகோள், மாறி, கை-ஸ்கொயர் என்று எதுவும் மண்டையில் ஏறவில்லை. பிளஸ் டூவில் வரலாறு குரூப், கணக்கு என்றாலே பயம். நோட்ஸ் எல்லாம் ஆங்கிலம். அடுத்த ஆண்டு ஆய்வேடு எழுத வேண்டும். எங்கள் லைனில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) எல்லோரும் சங்கம் சொல்லும் ஆளுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள், இது எனக்கே தெரியும். அதையே தலைப்பாக எடுத்து நிரூபித்துவிடலாமா? சித்தப்பா தொழிற்சங்கத்தில் இருக்கிறார். கேள்வித்தாளைக் கொடுத்தால் ஒரே நாளில் நூறு பேரைக் கூட்டிக் கொடுப்பதாகச் சொல்கிறார். நூறு போதுமா? இந்தத் தாளை எப்படிப் படிப்பது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

நூறு போதுமா என்பதற்குப் பிறகு வருகிறேன். "இது எனக்கே தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேச வேண்டும்.

நீங்கள் அந்த லைனில் வளர்ந்தவர். மேஸ்திரிக்கு என்ன செல்வாக்கு, இலை நிறுக்கும் இடத்தில் யார் பேச்சு எடுபடும், ஓய்வு பெற்றவரை வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அவர் யாரிடம் போய் நிற்பார், இதையெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர் ஆய்வாளர் இவற்றைத் தெரிந்துகொள்ளவே மாதக்கணக்கில் அலைவார். ஆனால் தெரியாது என்பதாலேயே அவர் எல்லாவற்றையும் கேட்டுவிடுவார். உங்களிடம் பதில் முன்னாலேயே இருக்கிறது, அதனால் கேட்காமலே விட்டுவிடுவீர்கள். ஆய்வு முறைகள் வெளியாளைவிட உள்ளூர்க்காரருக்கே அதிகம் தேவை என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். நாம் நினைப்பது தப்பாக இருந்தால் அது நம் கண்ணில் படுவதற்கு ஒரு வழி செய்துவைக்க வேண்டும். அந்தத் தாளில் இருக்கும் அத்தனை தலைப்புகளும் இந்த ஒரு வேலைக்காகத்தான்.

உங்கள் நம்பிக்கையையே எடுத்துப் பார்ப்போம். சங்கம் என்றால் எந்தச் சங்கம்? தி.மு.க., அ.தி.மு.க., காங்கிரஸ், கம்யூனிஸ்ட் கட்சிகள் என்று ஒவ்வொன்றையும் சார்ந்த தொழிற்சங்கங்கள் தோட்டத் தொழிலாளர்களிடையே இருக்கின்றன. தேர்தல் முடிவுகளையும் பாருங்கள். 2019 மக்களவைத் தேர்தலில் நீலகிரியை தி.மு.க. வென்றது. 2021 சட்டமன்றத் தேர்தலில் உங்கள் கூடலூர் தனித் தொகுதி அ.தி.மு.க.விடம் போனது. 2024 மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் மறுபடியும் தி.மு.க. இந்த மாற்றத்தில் உங்கள் லைன் ஓட்டுகளும் புரண்டனவா, புரண்டிருந்தால் சங்கம் சொல்லியா, சொல்லாமலா? கொடி கட்டியதையும் ஊர்வலம் போனதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தின் முன் நின்று எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பதை யாரும் பார்த்ததில்லை.

ஆகவே நிரூபிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு ஒரு கேள்வியாக மாற்றுங்கள். "நீலகிரித் தேயிலைத் தொழிலாளர்களின் அரசியல் பங்கேற்பு: ஓர் ஆய்வு" என்ற மாதிரித் தலைப்புகள் துறை நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கும். அதைப் போல வைக்காதீர்கள். அதில் எந்தப் பதில் வந்தாலும் சரியாகிவிடும், அப்படியென்றால் அங்கே கேள்வியே இல்லை. உங்களுக்கு ஒன்று சொல்லவா? லைன் வீட்டில் இருப்பவர்களும், லைனை விட்டுப் பக்கத்திலேயே சொந்த வீடு கட்டிக்கொண்டு போனவர்களும், ஒரே மாதிரி ஓட்டுப் போடுகிறார்களா? லைன் வீடு நிர்வாகத்துடையது, வேலை முடிந்தால் வீடும் போகும். டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பிக் கொடுப்பது என்று 2022இல் அரசு முடிவெடுத்தபோது அந்தப் பயம் எவ்வளவு பெரிதானது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கத்தின் செல்வாக்கு வீட்டுப் பயத்தின் வழியாக வருகிறது என்றால், சொந்த வீட்டுக்குப் போனவர்களிடம் அது குறைந்திருக்க வேண்டும். சொந்தபந்தம் வழியாகவோ பழைய கட்சிப் பற்றின் வழியாகவோ வருகிறது என்றால் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இருக்காது. இப்போது எந்தப் பதில் வந்தாலும் நீங்கள் ஒன்றைக் கற்றுக்கொள்கிறீர்கள். உங்கள் எண்ணம் தோற்பதற்கும் இடம் இருக்கிறது. கருதுகோள் என்று நோட்ஸில் இருப்பது இதுதான். காரணமாக நினைக்கும் வீடு சாரா மாறி, விளைவாக நினைக்கும் ஓட்டு சார்ந்த மாறி.

கள வேலைக்கு முன்னால் உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தேர்தல் முடிந்ததும் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்று படிவம் 20 வெளியாகும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் ஊர்ச் சாவடிகளை மட்டும் எடுத்து, மூன்று தேர்தலுக்கும் எக்செல்லில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 45ஆம் எண் எப்போதும் ஒரே பள்ளிக்கூடம் என்று நினைத்துவிடாமல், சாவடியின் பெயரையும் அதில் சேரும் தெருக்களையும் ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

அந்த எண்களைப் பார்த்ததும் கை பரபரக்கும். அங்கேதான் கவனம் வேண்டும். ஒரு சாவடியில் 800 ஓட்டு விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். 500 பேர் லைன்காரர்கள், 300 பேர் பக்கத்துக் கிராமத்தார். ஒரு கட்சிக்கு 500 கிடைத்திருக்கிறது. லைன் முழுக்க அந்தக் கட்சிக்கே போட்டுவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் கிராமத்தார் 300 பேரும் அதற்கே போட்டிருந்தால், லைனிலிருந்து 200தான் போயிருக்கும். அதாவது 200 முதல் 500 வரை எதுவாகவும் இருக்கலாம், எண் நமக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதே சாவடியில் கட்சிக்கு 700 கிடைத்திருந்தால் கதை வேறு. கிராமம் முழுவதும் போட்டிருந்தால்கூட லைனிலிருந்து குறைந்தது 400 வந்தாக வேண்டும், அதாவது லைனில் ஐந்தில் நான்கு பேர். அப்போது தைரியமாக எழுதலாம். ஒரு வட்டாரத்தின் மொத்த எண்ணை வைத்து அதில் வாழும் தனி மனிதரைப் பற்றி முடிவு கட்டும் தவறை 1950இல் சமூகவியலாளர் டபிள்யூ.எஸ். ராபின்சன் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டே விளக்கிக் காட்டினார். உங்கள் நோட்ஸில் இது நான்கு வரியில் முடிந்திருக்கும். தேர்தல் மறுநாள் நாளிதழ் அலசல்களைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படியுங்கள், எத்தனை இடத்தில் இந்தத் தவறு நடக்கிறது என்று தெரியும்.

சரி, இப்போது நூறு பேர்.

சித்தப்பா அன்பில்தான் சொல்கிறார். ஆனால் சங்கச் செல்வாக்கை அளக்கப் போகும் நீங்கள், சங்கம் கூப்பிட்டால் வருபவர்களை மட்டும் கேட்டால் விடை முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. அந்த நூறில் சங்கத்தோடு சண்டை போட்டவர் இருக்கமாட்டார், வேறு சங்கத்துக்காரர் இருக்கமாட்டார், பகல் முழுவதும் தோட்டத்தில் இலை பறிக்கும் பெண்களில் பலர் இருக்கமாட்டார்கள். வந்தவர்களும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வார்கள். இப்படி ஆயிரம் பேரைக் கேட்டாலும் பயனில்லை. அவரிடம், "சித்தப்பா, ஆளை நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் துறை விதி" என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையும்கூட. அவரை ஒரு நாள் தனியாக உட்காரவைத்துச் சங்கத்தின் வரலாற்றை விரிவாகப் பேட்டி எடுங்கள். அவருக்கும் மகிழ்ச்சி, உங்களுக்கும் நல்ல சான்று.

ஆளைத் தேர்ந்தெடுக்க வாக்காளர் பட்டியல் இருக்கிறது. லைன்காரர்கள் 800 பேர் இருந்து உங்களுக்கு 100 பேர் வேண்டும் என்றால் எட்டுக்கு ஒருவர். ஒன்றிலிருந்து எட்டுக்குள் ஓர் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், அங்கிருந்து ஒவ்வொரு எட்டாவது பெயரும் உங்கள் ஆள். டெல்லி சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையத்தின் லோக்நீதி அமைப்பு நடத்தும் தேசியத் தேர்தல் ஆய்வுகளிலும் கடைசிப் படியில் பட்டியலிலிருந்து இப்படித்தான் பெயர் எடுக்கிறார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு என்றால் அவர்களைத் தனிப் பட்டியலாக்கி அதிலிருந்தும் 100 பேரை எடுங்கள்.

பெயர் வந்த ஆளைத்தான் தேடிப் போக வேண்டும். அவர் இல்லை என்று பக்கத்து வீட்டு அக்காவை வைத்து நிரப்பக் கூடாது. உங்கள் ஊரில் இது பெரிய சிக்கலாகவே இருக்கும். பட்டியலில் பெயர் இருக்கும், பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான். மாலையில் போங்கள், மறுபடி போங்கள், போனில் பிடியுங்கள். அப்படியும் கிடைக்காதவர்கள் யார், என்ன வயது, எங்கே போனார்கள் என்று எழுதிவையுங்கள். கிடைத்தவர்களின் பதிலை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்தக் கிடைக்காதவர்கள் பட்டியல்தான் சொல்லும். ஆய்வேட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, முறையாக எடுத்த 100 பேரின் சதவீதத்தில் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்துப் புள்ளி பிசகலாம். 400 என்றால் ஐந்து, 1,600 என்றால் இரண்டரை. பிசகைப் பாதியாக்க ஆளை நான்கு மடங்காக்க வேண்டும். ஓர் எம்.ஏ. மாணவி தனியாகச் செய்வதற்குப் பக்கத்துக்கு நூறு, மொத்தம் இருநூறு, நியாயமான அளவு.

கேள்வித்தாளில் "சங்கம் சொன்னதால் ஓட்டுப் போட்டீர்களா?" என்று எழுதாதீர்கள். ஆமாம் என்றால் அடிமை போலவும் இல்லை என்றால் துரோகி போலவும் தோன்றும் கேள்வி அது, யாரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள். தேர்தல் நேரத்தில் யார் யார் வீட்டுக்கு வந்தார்கள், யாரிடம் பேசி முடிவெடுத்தீர்கள், எப்போது முடிவெடுத்தீர்கள் என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். சங்கத்தை அவர்களாகச் சொல்கிறார்களா என்று பாருங்கள். யாருக்கு ஓட்டு என்பதை வாயால் கேட்கவே வேண்டாம். லோக்நீதி ஆய்வுகளில் சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, குறியிட்டு மடித்து ஒரு பெட்டியில் போடச் சொல்வார்கள். லைன் வீட்டில் இது கட்டாயம் வேண்டும். இந்த வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்கும். கேள்வி மனைவிக்கு என்றாலும் பதில் கணவரிடமிருந்து வரும். சீட்டு என்றால் அவரும் சும்மா இருப்பார். வீட்டு விவரத்தோடு சேர்த்துப் பார்க்க, சீட்டின் மூலையில் கேள்வித்தாளின் எண்ணை மட்டும் எழுதுங்கள், அதையும் அவர்களிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். பெயர் எங்கேயும் வேண்டாம்.

கணக்குப் பயத்துக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது கூட்டல், வகுத்தல், சதவீதம். லைனில் 100 பேரில் 60 பேரும், சொந்த வீட்டில் 100 பேரில் 45 பேரும் சங்கம் ஆதரித்த வேட்பாளருக்குப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60க்கும் 45க்கும் 15 புள்ளி வித்தியாசம், உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். இதே அட்டவணையைத் திருப்பிப் போட்டு, அந்த வேட்பாளருக்கு ஓட்டுப் போட்ட 105 பேரில் 57 சதவீதம் லைன்காரர்கள் என்று எழுதுபவர்கள் நிறைய. அது வேறு கேள்வியின் பதில். இங்கே அதற்குப் பொருளே கிடையாது, ஏனென்றால் பக்கத்துக்கு நூறு என்று முடிவு செய்தது நீங்கள். காரணம் என்று எதைச் சொல்கிறீர்களோ அந்தப் பிரிவுக்குள் சதவீதம் எடுங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதித் தாள் முடிந்தது.

இனி கை-ஸ்கொயர். வீட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை என்றால் இரண்டு பக்கமும் 52.5 பேர் இருந்திருக்க வேண்டும். நமக்கு வந்தது 60ம் 45ம். இந்த அளவு விலகல், சீட்டுக் குலுக்கியதில் தற்செயலாக வந்திருக்குமா? போட்டவர்கள் (60, 45), போடாதவர்கள் (40, 55) என்று அட்டவணையில் நான்கு கட்டம், போடாதவர்களில் எதிர்பார்த்தது பக்கத்துக்கு 47.5. ஒவ்வொரு கட்டத்திலும், வந்த எண்ணிலிருந்து எதிர்பார்த்த எண்ணைக் கழித்து, அதை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நான்கு கட்டத்தையும் கூட்டுங்கள். 4.51 வரும். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் ஐந்து சதவீத அளவில் எல்லை 3.84. தாண்டிவிட்டது, ஆகவே தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. ஒருமுறை பேப்பர் பேனாவில் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஜமோவி, ஆர் போன்ற இலவச மென்பொருளில் போட்டுக்கொள்ளலாம். கையால் போடாமல் மென்பொருளுக்குப் போனவர்கள் வரும் எண்ணை நகலெடுப்பார்கள், அது என்ன சொல்கிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் தடுமாறுவார்கள்.

எல்லையைத் தாண்டியதும் வீடுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். சொந்த வீட்டுக்குப் போனவர்களில் இளையவர்கள் அதிகம் என்றால், நீங்கள் பார்ப்பது வயதின் விளைவாக இருக்கலாம். நாற்பதுக்குக் கீழே, மேலே என்று பிரித்து அதே அட்டவணையை இரண்டாகப் போடுங்கள். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்குள்ளும் வித்தியாசம் நின்றால் உங்கள் வாதம் பலப்படும். கரைந்துபோனால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். அப்படிக் கரைந்துபோன ஆய்வேடும் நல்ல ஆய்வேடுதான், மதிப்பெண் குறையாது.

எண்கள் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 1948இல் மைசூர்ப் பகுதியில் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்த சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ், 1955இல் எழுதிய கட்டுரையில்தான் ஓட்டு வங்கி என்ற கருத்தை வைத்தார். ஊர்ப் பெரியவர் கைகாட்டினால் அவரை நம்பி வாழ்பவர்களின் ஓட்டு அப்படியே போகும் என்பதை அங்கே வாழ்ந்து பார்த்துத்தான் எழுதினார். நீங்கள் உங்கள் லைனைப் பற்றிச் சொல்வதும் அதன் ஒரு வடிவம்தான். ஆகவே நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள். பார்த்ததையும் கேட்டதையும் இடது பக்கம், உங்களுக்குத் தோன்றியதை வலது பக்கம், அன்றிரவே எழுதுங்கள். மறுநாள் இரண்டும் கலந்துவிடும். உள்ளூர்க்காரருக்கு இந்தப் பிரிப்பு மிகக் கடினம், ஆனால் மிக அவசியம்.

நீலகிரி மக்கள் ஆய்வாளர்களைப் பார்த்துச் சலித்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மானுடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் வந்து தோடர்களிடம் வம்சாவளி கேட்டுப் பதிந்தார், அன்று முதல் கேள்வி கேட்க யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். "எழுதிட்டுப் போறீங்க, அப்புறம் என்ன ஆச்சுன்னு யாரும் வந்து சொன்னதில்லை" என்று மலை முழுக்கக் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். நாற்பது வீடு உள்ள லைனில் "ஓய்வு பெற்ற, முன்பு சங்கப் பொறுப்பில் இருந்த பெண்" என்று எழுதினால் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சித்தப்பாவுக்கும். நீங்கள் படிப்பை முடித்துப் போய்விடுவீர்கள், அவர் அங்கேயே இருக்க வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை எழுதி லைனில் படித்துக் காட்டுங்கள்.

ஆவணங்களுக்கு வீட்டிலிருந்தே தொடங்கலாம். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது, எஞ்சியிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974 ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. உங்கள் தாத்தா எந்தக் கணக்கில், எப்போது வந்தார், முதலில் எங்கே குடியமர்த்தினார்கள் என்பது அவர் பெட்டியில் உள்ள பழைய காகிதங்களில் இருக்கும். அரசிடமிருந்து வேண்டியதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்தீர்கள்" என்று கேட்டால் திருப்பிவிடுவார்கள். இன்ன ஆண்டின் இன்ன உத்தரவின் நகல் என்று கேளுங்கள்.

ஆங்கில நோட்ஸை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு பாடத்தைப் படித்ததும் உங்கள் லைனை உதாரணமாக வைத்துத் தமிழில் அரைப் பக்கம் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள், திரும்பப் படியுங்கள். எழுத வந்தபின் ஆங்கிலத்துக்கு மாற்றுவது சிரமமே இல்லை. கூடவே மாதம் ஓர் ஆய்வுக் கட்டுரை. எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் வரும் தேர்தல் ஆய்வுகளை எடுத்து, கடைசியில் இருக்கும் முறையியல் குறிப்பை முதலில் படியுங்கள். யாரைக் கேட்டார்கள், எப்படித் தேர்ந்தார்கள், யார் விடுபட்டார்கள் என்று பாருங்கள், அப்புறம் முடிவுகளுக்குப் போங்கள். நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதும் எண்ணம் இருந்தால் முதல் தாளில் ஆய்வுத் திறன் ஓர் அலகாகவே இருக்கிறது, இந்த உழைப்பு அங்கேயும் உதவும்.

கள வேலையை ஜனவரி, பிப்ரவரியில் வையுங்கள். ஜூன் முதல் பந்தலூர், தேவாலா பக்கம் பெய்யும் மழையில் வீடு வீடாகப் போக முடியாது. பனிக் காலத்தில் இலையும் குறைவு, மக்களுக்குப் பேச நேரம் இருக்கும். தேர்தல் அறிவித்த வாரங்களைத் தவிருங்கள், உங்களைக் கட்சி ஆள் என்று நினைப்பார்கள். சிக்னல் கிடைக்காத இடங்களுக்கு, இணையம் இல்லாமலே பதிவு செய்துகொள்ளும் கோபோ டூல்பாக்ஸின் கோபோகலெக்ட் செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் வழிகாட்டியிடம் இரண்டு பக்கச் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கொடுங்கள். முதல் பத்தியில் கேள்வி, இரண்டாவதில் எந்த முடிவு வந்தால் உங்கள் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பது, மீதியில் யாரை, எப்படி, எப்போது கேட்கப் போகிறீர்கள் என்பது. அவர் சரி என்றதும், உங்கள் லைனில் அல்லாமல் தோட்டத்தின் வேறொரு டிவிஷனில் (பிரிவில்) பத்துப் பேரிடம் கேள்வித்தாளைச் சோதித்துப் பாருங்கள். எந்தக் கேள்விக்குத் தயங்கினார்கள், எதற்கு "என்னம்மா கேட்கிறே?" என்றார்கள் என்று குறித்து மாற்றி எழுதுங்கள். அந்தப் பத்துப் பேரின் பதிலை இருநூறில் சேர்க்கக் கூடாது. டிசம்பர் விடுமுறைக்குள் இது முடிந்துவிட்டால் பொங்கல் கழிந்து களத்தில் இறங்கலாம்.